உதட்டுப் பிளவும் வைத்திய வரலாறும்

பிறவியில் அமையும் முகக்குறைகளுள் உதட்டுப் பிளவு அளவிற் சிறிது. அது விளைத்த துன்பமோ பெரிது. மேலுதட்டிற் காணப்படும் அச்சிறு இடைவெளிக்குக் காரணம் தேடிய முன்னையோர் பெரும்பாலும் தாயையே குற்றவாளியாக்கினர். கருவுற்றவள் முயலைக் கண்டதன் விளைவு என்றனர் ஐரோப்பியர். கிரகண காலத்தில் அவள் வெளியே வந்தமையே காரணம் என்பது நம்மவரிடையே வழங்கிய நம்பிக்கை.

காரணம் அறியப்படுமுன்னரே பரிகாரம் காணப்பட்டது. 648 ஆம் ஆண்டில் நிறைவெய்திய சீன நாட்டு ஜின் வமிச வரலாறு, வெய் யோங்சி என்பானின் கதையைக் கூறுகின்றது. நான்காம் நூற்றாண்டிற் பிளந்த உதட்டுடன் பிறந்த இவ்வறிஞன் வறியவன். பதினெட்டாம் வயதில், யின் சோங்கான் என்னும் பிரபுவிடம் வல்ல வைத்தியர் ஒருவர் உளர் எனக் கேள்வியுற்று, சிறிது அரிசியுடன் பயணமானான். உதட்டை அறுத்துப் பொருத்தலாம். ஆயின் நூறு நாள்கள் கஞ்சியே பருகிச் சிரியாதும் பேசாதும் இருத்தல் வேண்டும் என்றார் வைத்தியர். அவன் இசைந்து, அந்நோன்பை இறுதிவரை காத்துக் குணமடைந்தான். பிற்காலத்தில், சோங்கான் வகித்த ஜிங் மாகாண ஆளுநர் பதவியே அவனை வந்தடைந்தது.

மேலைத்தேயத்தில் இச்சிகிச்சை பதினாறாம் நூற்றாண்டிற் சிறப்புற்றது. பிரான்சிய சத்திரவைத்தியராகிய அம்புறோஸ் பாரே, பிளவின் இரு விளிம்புகளினூடும் ஊசியைச் செலுத்தி, அதன்மீது 8 என்னும் எண்ணின் வடிவில் நூலைச் சுற்றி அவற்றை இணைத்தார்.

எனினும் பெரிய தெளிவு கருவியலாலேயே பிறந்தது. இரத்தவோட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி, 1651 இல் வெளியிட்ட நூலில், கருவின் தொடக்கநிலையில் உதடுகள் இணையாதிருத்தல் இயல்பே என்றும், அந்நிலை நீடிப்பதே இக்குறை என்றும் குறித்தார். கருவின் நான்காம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையில், தனித்தனியே வளரும் முகப்பகுதிகள் ஒன்றுசேர்ந்து மேலுதடாகின்றன என்பது இன்று தெளிவு. அவ்விணைவு தவறுவதற்குப் பரம்பரைக் காரணங்களும் சூழற் காரணங்களும் உள. முயலுக்கும் கிரகணத்துக்கும் அதிற் பங்கில்லை.

இவ்வறிவோடு சிகிச்சையும் வளர்ந்தது. உதட்டின் ஒரு பகுதியைக் கீழ்நோக்கிச் சுழற்றி, மறுபகுதியை முன்னகர்த்திப் பொருத்தும் முறையை, 1955 இல் அமெரிக்கரான மில்லாட் வெளிப்படுத்தினார். அம்முறை உலகெங்கும் பரவியது.

ஆகவே, இப்பிளவு பிளந்ததன்று, இணையாது நின்றது. ஊசியும் நூலும் குழந்தையின் உதட்டை இணைத்தன. உண்மையறிவோ தாயின் மீதிருந்த பழியை நீக்கிற்று. வைத்திய வரலாற்றில் இவ்விரண்டாவது சிகிச்சை முன்னையதினும் சிறிதன்று.