யூலியானேயின் காப்பும் ரம்பமும்

1992 நவம்பரில், இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள ஹாக்ஸன் ஊரின் வயலொன்றில், தொலைந்துபோன சுத்தியலைத் தேடப் போனவருக்கு உரோமர் காலப் புதையல் கிடைத்தது. (சுத்தியலும் கிடைத்தது, அதுவும் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கே போய்ச் சேர்ந்தது.)

அப்புதையலில் பொற்காப்புகள் மட்டும் 19. அவற்றுள் ஒன்றில், சீமாட்டி யூலியானே இதனை மகிழ்ந்து அணிக என்னும் பொருள்தரும் இலத்தீன் எழுத்துகள், சுற்றியுள்ள பொன்னைத் துளைத்து நீக்கி உருவாக்கப்பட்டுள்ளன. படத்தில் காண்பவர் ரம்பவேலை என்றே சொல்வர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

இன்றைய பொற்கொல்லர் முதலில் தகட்டில் துளையிடுவார். நூல்போன்ற ரம்ப அலகை அதனுள் கோத்து, பற்கள் கைப்பிடியை நோக்கியிருக்குமாறு சட்டத்தில் முறுக்கேற்றிப் பூட்டுவார். அறுப்பது கீழ்நோக்கிய இழுப்பில்தான். அலகைத் தேர்வதில் முதன்மையான விதி, தகட்டின் கனத்திற்குள் 2 அல்லது 3 பற்களேனும் அடங்க வேண்டும் என்பது. பல் பெரிதானால் தகட்டைக் கவ்வும், அலகு முறியும். இவ்வளவு நுண்ணிய பற்கள் கொண்ட மெல்லிய எஃகு அலகு ஐரோப்பியக் கைவினைஞரிடம் 16ஆம் நூற்றாண்டை ஒட்டியே புழக்கத்திற்கு வந்தது. யூலியானேயின் காப்போ 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மண்ணுக்குள் போய்விட்டது.

ஆகவே அவ்வேலையைச் செய்தது உளி. உருப்பெருக்கியில் விளிம்பைப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். உளிவெட்டு சரிவாக இறங்கும். முன்புறம் அகன்று பின்புறம் ஒடுங்கும். ரம்பம் செங்குத்தான சுவரையும் இணையான நுண்கோடுகளையும் விட்டுச்செல்லும். சுவடியில் பிற்காலச் சொல்லொன்று இடைச்செருகலைக் காட்டிக்கொடுப்பதுபோல, உரோமர் காலத்தது என விற்பனைக்கு வரும் துளைவேலை நகையில் அக்கோடுகள் தென்பட்டால், போலியோ பின்னாள் திருத்தமோ என ஐயுற வேண்டும். விற்பனைப் பட்டியல்களின் படங்கள் பெரும்பாலும் முன்புறத்தையே காட்டுகின்றன.