பிடியரிசிக் கலயம்

எங்கள் பாட்டி உலைக்கு அரிசி அளந்து முடித்ததும், அதிலிருந்தே ஒரு பிடி அள்ளி அடுப்படி மூலையில் இருந்த சின்ன மண்கலயத்தில் போடுவாள். அரிசி தட்டுப்பாடான நாளிலும் போடுவாள். அன்றைக்குப் பிடி கொஞ்சம் சிறுத்திருக்கும், அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் அந்த அரிசியைச் சேர்க்கப் பிள்ளைகள் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வருவோம். பத்து வயதில் மேலத்தெருப் பெட்டி என் தலையில் இருந்தது.

இப்போது சபைக் கூட்டம் எதற்குப் போனாலும் ஒரே அங்கலாய்ப்பு: ஓய்வுநாள் பாடசாலைக்கு ஆள் இல்லை, கிராம ஊழியத்துக்கு ஆள் இல்லை. முப்பது வருஷம் பள்ளியில் சரித்திரம் நடத்தியவள் என்பதால் எனக்கு அந்தக் காலத்துக் கணக்குதான் ஞாபகம் வரும். திருநெல்வேலிச் சீமையில் திருச்சபை பச்சைக் குழந்தையாக இருந்தபோது, ஆள் வேண்டும் என்று யாரும் மேடையேறிக் கெஞ்சவில்லை. சின்னதாக ஒரு வேலையைக் கையில் கொடுத்தார்கள். மாதம் தவறாமல் கணக்குக் கேட்டார்கள்.

பாளையங்கோட்டையில் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்று இன்னும் சொல்கிறார்களே, அங்கிருந்து தொடங்கலாம். கோகிலா என்ற மராத்தி பிராமண விதவை ஓர் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்துவந்தார். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது, அந்த உறவு இருக்கும்வரை முடியாது என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபின், 1778-ல் கோகிலா குளோரிந்தாள் ஆனார். இரண்டு வருஷம் கழித்து எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர்தான். முதல் பெயர் அவருடையது. யாரும் அவருக்குப் பதவி கொடுக்கவில்லை, சம்பளமும் கொடுக்கவில்லை. தஞ்சாவூர் வரை போய், 'எங்களுக்கு ஓர் உபதேசியாரைத் தாருங்கள்' என்று கேட்டு நின்றார். 1785-ல் கோயிலும் எழும்பியது. உபதேசியாராக அங்கே வந்த சத்தியநாதன் 1790-ல் குருப்பட்டம் பெற்றார். இந்தப் பக்கத்தின் முதல் தன்னார்வ ஊழியர் யார் என்று கேட்டால் நான் அந்த அம்மாளைத்தான் சொல்வேன்.

சத்தியநாதனோடு சேர்ந்து உழைத்தவர் சாத்தான்குளம் பக்கத்து நாடார் இளைஞர் ஒருவர், தாவீது சுந்தரானந்தம். சொந்த ஊரில் அடியும் துரத்தலும் பட்ட கிறிஸ்தவர்களுக்கு ஒதுங்க இடமில்லாமல் போனபோது நிலம் வாங்கி ஊர் கட்டினார்கள். 1799-ல் எழும்பிய அந்த ஊர்தான் முதலூர். வெளியூரிலிருந்து வந்த போதகரைவிட, தம்மோடு பனையேறிய குடும்பத்துப் பையன் சொன்னதை ஜனங்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

1820-ல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். தமிழ் இலக்கணம் எழுதியவர், வேதாகமத்தைத் திருத்தியவர் என்றே அவரைப் பலருக்கும் தெரியும். அவர் உபதேசியார்களை உருவாக்கிய விதம்தான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. ஊருக்கு ஊர் ஆள் வைத்தார். அவர்கள் மாதந்தோறும் பாளையங்கோட்டைக்கு வந்து கூட வேண்டும். எந்த ஊருக்குப் போனாய், யாரைப் பார்த்தாய், என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அதன்பின் பாடம், பிரசங்கப் பயிற்சி. திரும்பிப் போகும்போது அடுத்த மாத வேலையும் கையில் இருக்கும். நானும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்தவள்தான். அங்கே பாடக்குறிப்பு எழுதவைத்த நாள்களில் இந்த முறையை நினைத்திருக்கிறேன்.

ஆனால் அவர் பட்ட அடியையும் சொல்ல வேண்டும். ஊழியர்களை ஆயத்தப்படுத்த அவர் தொடங்கிய பள்ளியில் முதல் பரீட்சை வேத பாடத்தில் வரவில்லை, சாப்பாட்டுப் பந்தியில் வந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்றார் அவர். முடியாது என்று பிள்ளைகள் மறுத்தார்கள், வீட்டாரும் பின்னால் நின்றார்கள். ரேனியஸ் விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளி கலைந்தது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். சாப்பாட்டில் தோற்றவன் பிரசங்கத்தில் ஜெயிக்க மாட்டான் என்பது அவர் கணிப்பாக இருக்கும். என் கணிப்பும் அதுதான். அந்தப் பந்தி இன்றைக்கும் நமக்கு முழுசாகக் கூடிவரவில்லை என்பது வேறு விஷயம்.

அவர் 1830-ல் தொடங்கிய தர்ம சங்கம் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கித் தந்தது. 1835-ல் சபை ஒழுங்குகள் பற்றிய தகராறில், லண்டனிலிருந்து அவரை அனுப்பிய மிஷனரி சங்கம் அவரை விலக்கியது. உபதேசியார்களில் ஒரு பகுதி அவர் பின்னால் போனது, ஒரு பகுதி நின்றது. அண்ணன் தம்பிகள் பிரிந்தார்கள். 1838-ல் அவர் இறந்தபின்னும் அந்தக் கசப்பு ஆறச் சில காலம் ஆயிற்று.

உபதேசியார்கள் சம்பளக்காரர்கள்தானே, அவர்களை எப்படித் தன்னார்வலர் என்பது என்று என் மகனே கேட்டான். வாங்கியது சொற்பப் பணம். அதற்காகவே வந்தவர்களும் உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் உபதேசியார் வீட்டம்மா என்று ஒருத்தி இருந்தாளே, அவளுக்கு யார் சம்பளம் கொடுத்தது? பெண்பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக் கொடுத்தது, பிரசவ வீட்டில் ராத்திரி கண்விழித்தது, கோயில் பெருக்கியது எல்லாம் அவள் கை. எந்தச் சங்க அறிக்கையிலும் அவள் பெயரைத் தேடிப்பிடிப்பது கஷ்டம்.

சபைகளே செலவு செய்து தூரம் அனுப்பிய கூட்டமும் உண்டு. 1854-ல் மிஷனரி ராக்லண்ட் வடதிருநெல்வேலியில், சிவகாசிப் பக்கமாக, கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சுற்றும் ஊழியத்தைத் தொடங்கினார். தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து மாதக் கணக்கில் அங்கே அனுப்பின. செலவு அந்தச் சபைகளுடையது. பனையேறிக் கருப்பட்டி காய்ச்சியவர்கள் தம் ஊர் உபதேசியாரை ஒரு மாதம் விட்டுக்கொடுத்து, வழிச்செலவும் கட்டி அனுப்பினார்கள். ராக்லண்ட் 1858-ல் சிவகாசியிலேயே இறந்துபோனார்.

இந்த விதை அரை நூற்றாண்டு கழித்து முளைத்தது, முளைக்கவைத்தது யாழ்ப்பாணம். வெள்ளாளன்விளைக் கிராம குருவானவரின் மகன் அசரியா, அப்போது ஒய்.எம்.சி.ஏ. செயலாளர், 1902-ல் அங்கே போனார். யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து, தங்கள் ஆளைக் கடல்தாண்டி நம் கரைக்கு ஊழியத்துக்கு அனுப்புவதைப் பார்த்தார். அவ்வளவு பெரிய திருநெல்வேலிச் சபை அதுவரை அப்படி யாரையும் அனுப்பவில்லையே என்று அவருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆள் நம் ஆள், பணம் நம் பணம், நிர்வாகமும் நம்முடையது என்பது விதி. ஊழியக்களமாக நிஜாம் சீமையில் தோர்ணக்கல் அமைந்தது. தமிழ்ப் பையன்கள் போய்த் தெலுங்கு படித்தார்கள். 1909-ல் அசரியாவே குருப்பட்டம் பெற்று அங்கே போனார். 1912-ல் பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர்.

அவர் கையில் அப்போது இருந்த குருமார் ஆறு பேர். ஜனங்களோ பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள், எழுத்தறியாத கூலிகள். அவர்களை வைத்து என்ன செய்ய முடியும் என்று சிலர் சிரித்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் தாங்களே கைவைக்கச் சொன்னார் அசரியா. நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுல் சொன்னதை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தார். சாட்சி வாரம் வந்தால் சபை முழுவதும் அடுத்த ஊருக்குப் போக வேண்டும், படிக்கத் தெரியாதவர்களும் சேர்த்து. கிராம ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது மனைவிமாருக்கும் கூடவே கொடுத்தார். உபதேசியார் வீட்டம்மாவின் அருமை குருவானவர் வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியாதா?

எங்கள் பாட்டியின் கலயத்து அரிசி அந்தச் சங்கத்துக்குத்தான் போனது. தோர்ணக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மேலத்தெருக் கடைசி வீட்டுக் கிழவியிடம் அரிசி இல்லை. அரைக் கருப்பட்டி போட்டாள். வழியில் நான் அதைக் கடித்துவிட்டேன். தீரும்வரை விடவே இல்லை. வரவு நோட்டில் எழுதாமல் விட்டேன். மறுநாள் ஆராதனை முடிந்ததும் கிழவி சபைக் கணக்குப் பார்க்கும் தாத்தாவிடம் போய், "என் கருப்பட்டி வந்து சேந்துச்சா அய்யா?" என்று கேட்டுவிட்டாள். தாத்தா என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நோட்டை வாங்கி அவரே எழுதினார்: அரைக் கருப்பட்டி வரவு, வழியில் செலவு. மூடிக் கொடுத்துவிட்டு, "ஏட்டி, அடுத்த வாரத்திலேர்ந்து கீழத்தெருவையும் நீயே பாத்துக்க" என்றார்.

அந்த அடுத்த வாரத்துப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு நேரே அரிசியோடு ஒரு முழுக் கருப்பட்டியும் பதிவாகியிருந்தது. பாட்டி போட்டது. என்ன ஏது என்று அவள் என்னிடம் கேட்கவே இல்லை.