கடைசி வரிசைக்கு மைக் வந்த கதை (கொஞ்சம் நீளமான இழை)

மாநாட்டு ஹாலில் பின்வரிசையில் உட்கார்ந்து கை தூக்கியிருக்கீங்களா? மைக் வரும் வரும்னு காத்திருப்போம். அது நம்ம வரிசைக்கு வர்றதுக்குள்ள "நேரமாகிவிட்டது, தேநீர் இடைவேளை" என்று அறிவிச்சிடுவாங்க. இத்தனைக்கும் நம்ம எல்லார் பையிலயும் ஒரு மைக் இருக்கு: செல்போன். அதையே ஹால் மைக்காக மாற்றும் செயலிகள் வந்து பல வருஷமாச்சு. அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம்னு பார்ப்போம்.

1860 ஜூன் 30, ஆக்ஸ்ஃபோர்டு. டார்வினின் பரிணாமக் கொள்கை பற்றிய புகழ்பெற்ற வாக்குவாதம். குரங்கு உங்க தாத்தா வழி உறவா, பாட்டி வழி உறவா என்று பிஷப் வில்பர்ஃபோர்ஸ் கிண்டலாகக் கேட்டார், தாமஸ் ஹக்ஸ்லி நெத்தியடி பதில் கொடுத்தார் என்று படிச்சிருப்பீங்க. (ஹக்ஸ்லி அடிப்படையில் நம்ம ஆளு. மருத்துவம் படித்து, கப்பற்படையில் உதவி அறுவை மருத்துவராக இருந்தவர்.)

ஆனா அந்த நெத்தியடி எத்தனை பேர் காதில் விழுந்தது? கூட்டத்தில் இருந்த ஜோசஃப் ஹூக்கர் இரண்டு நாள் கழித்து டார்வினுக்குக் கடிதம் எழுதுகிறார். அவ்வளவு பெரிய கூட்டத்துக்குக் கேட்கும்படி ஹக்ஸ்லியால் குரலை எழுப்ப முடியவில்லை என்பது அதில் அவர் சொல்லும் தகவல். பிறகு தானே எழுந்து பேசி ஜெயித்ததாகவும் எழுதுகிறார், அதனால கொஞ்சம் கழிச்சுத்தான் எடுத்துக்கணும். ஆனாலும் விஷயம் புரியுது இல்லையா? தொண்டை பலம் இருக்கிறவனுக்குத்தான் கேள்வி கேட்கும் உரிமை. மென்மையான குரல்காரர், வயதானவர், நுரையீரல் நோயாளி எல்லாம் வெறும் பார்வையாளர்கள்தான்.

ஒலிபெருக்கி வந்ததும் இது மாறியிருக்கணும். மாறலை. 1919 செப்டம்பரில் சான் டியேகோ மைதானத்தில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் சுமார் 50,000 பேருக்கு முன்னால் பேசினார். ஜென்சன், பிரிதம் என்ற இருவர் உருவாக்கிய மேக்னவாக்ஸ் ஒலிபெருக்கிதான் அவர் குரலைக் கொண்டு போனது. மேடைக்குக் குரல் பெருசாச்சு, கூட்டத்துக்கு இருந்த குரலும் அதில் அமுங்கிப்போச்சு. மைக்குக்கு வயர் இருந்தது, அந்த வயர் மேடையை விட்டு இறங்கவில்லை.

1953ல் ஷுர் நிறுவனம் 'வேகபாண்ட்' என்ற வயர் இல்லாத மைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனா கூட்டத்துக்குள் மைக்கை எடுத்துட்டுப் போகும் பழக்கத்தைப் பிரபலமாக்கியவர் ஒரு டிவிக்காரர். 1967, ஒஹாயோ மாகாணம், டேட்டன் நகரம். ஃபில் டொனஹியூ தன் நிகழ்ச்சியின் விளம்பர இடைவேளையில் பார்வையாளர்கள் நல்ல நல்ல கேள்வி கேட்பதைக் கவனித்தார். பெரும்பாலும் இல்லத்தரசிகள். மைக்கோட அவங்க நடுவில் இறங்கிட்டார். இன்னைக்கு மாநாடுகளில் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் தன்னார்வலர்கள் எல்லாம் ஒருவகையில் டொனஹியூவின் வாரிசுகள்தான்.

இனிதான் வேடிக்கை. கம்பியில்லா மைக்குகள், காலியாகக் கிடந்த டிவி அலைவரிசைகளில் ஒண்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. 2008ல் அமெரிக்க அரசு 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை செல்போன் நிறுவனங்களுக்கு ஏலம் விட்டது. கிடைத்தது சுமார் 1,900 கோடி டாலர். 2010 ஜூன் 12க்குப் பிறகு அந்த அலைவரிசையில் மைக் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு. அரங்குகளும் தேவாலயங்களும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மைக்குகளை ஓரங்கட்டின. 2017ல் 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பெரும்பங்கு ஏலம் போச்சு. 2020 ஜூலைக்குள் அங்கிருந்தும் காலி. மைக்கின் இடத்தைப் பிடுங்கிய அதே செல்போன், இதே காலத்தில் மைக்காகவும் வந்து நிற்கிறது!

அப்படி வந்த செயலிகளில் ஒன்று 'கிரவுட் மைக்ஸ்'. அமெரிக்கச் சகோதரர்கள் இருவர் உருவாக்கியது. பிறகு பயாம்ப் என்ற ஒலிக்கருவி நிறுவனம் வாங்கிவிட்டது. முறை சிம்பிள். ஹாலின் வைஃபையில் இணைந்து, திரையில் பொத்தானை அழுத்தி 'கை தூக்கணும்'. நெறியாளர் அனுமதித்ததும் போனில் பேசினால் குரல் ஹால் ஸ்பீக்கரில் வரும்.

பின்ன ஏன் எல்லா இடத்திலும் இது இல்லை? இங்கேதான் மருத்துவம் உள்ளே வருது.

போன் உங்க குரலை எண்களாக்கி, சுருக்கி, பொட்டலம் கட்டி, ஆயிரம் பேர் மொய்க்கும் வைஃபையில் அனுப்பி, மறுபடி குரலாக்கணும். ஒவ்வொரு படியிலும் தாமதம். கூடவே காற்றில் ஒலி ஒரு நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும், 34 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து உங்க காதுக்கு வர 0.1 நொடி. எல்லாம் சேர்ந்து 0.2 நொடியை நெருங்கினால் ஆபத்து. நாம் பேசும்போது மூளை நம் குரலைக் காது வழியாகச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் தாமதமாக வந்தால் நன்றாகப் பேசுபவருக்கும் நாக்கு குழறும், அசை திரும்பத் திரும்ப வரும், வேகம் குறையும். 1950லேயே பெர்னார்ட் லீ இதை எழுதினார். இதே விளைவை வைத்து, பேசுபவரின் வாயை அடைக்கும் கருவி செய்த ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012ல் இக் நோபல் பரிசு வாங்கினார்கள்!

அதனால ஹாலில் ஒருத்தர் போனில் கேள்வி கேட்டுத் திக்கினால் உடனே 'பயம்'னு முடிவு கட்டாதீங்க.

இந்தத் தலைவலியே வேண்டாம்னு பலர் எழுத்துக்குப் போயிட்டாங்க. 2012ல் ஸ்லோவாக்கியாவில் பிறந்த ஸ்லைடோ அந்த வகை: கேள்வியைத் தட்டச்சு செய்யலாம், மற்றவர்கள் ஓட்டுப் போடலாம். கூச்சப்படுபவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனா மருத்துவ மாநாட்டில் எனக்கு இதில் ஒரு குறை உண்டு. முதல் கேள்விக்கு எந்தப் பேச்சாளரும் பதில் தயாராக வைத்திருப்பார். "சரி சார், பாதியில் மருந்தை நிறுத்திய நோயாளிகளை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்?" என்ற இரண்டாவது கேள்விதான் அவரை யோசிக்க வைக்கும். அதைக் கேட்கக் குரல் வேணும். இன்னொன்று, அதிகம் லைக் வாங்கும் கேள்வி முக்கியமான கேள்வியாகத்தான் இருக்கணும்னு இல்லை.

யார் கேட்கிறார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கு. 10 நாடுகளில் 247 கல்விக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018ல் வெளியான ஆய்வில், ஒரு கேள்வி ஆணிடமிருந்து வரும் வாய்ப்பு பெண்ணிடமிருந்து வருவதைப் போல 2.5 மடங்கு. முதல் கேள்வியை ஆண் கேட்டால் பெண்கள் கேட்பது இன்னும் குறைகிறது.

போன் மைக்கில் இது தானாகச் சரியாகாது. ஆனா ஒன்று மாறியிருக்கு. முன்பு மைக் தூக்குபவர் கண்ணுக்குப் பட்டவருக்கு முதல் வாய்ப்பு, அது பெரும்பாலும் முன்வரிசைப் பேராசிரியர். இப்போ கை தூக்கியவர்கள் எல்லாரும் நெறியாளரின் திரையில் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள், கடைசி வரிசை பயிற்சி மருத்துவர் உட்பட. யார் பெயரை முதலில் தொடுவது என்பது அவர் விரலில் இருக்கு.