விலக்கும் உரிமையும்: பென்சில்வேனியாப் பெற்றோரின் பள்ளி வழக்கு

‘விலக்கு’ என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. வரியிலிருந்து ஒருவருக்கு விலக்கு அளித்தால் அது சலுகை. பந்தியிலிருந்து ஒருவரை விலக்கிவைத்தால் அது அவமதிப்பு. கல்விச் சட்டங்களின் வரலாற்றில் இவ்விரு பொருளும் ஒன்றாகக் கலந்துபோன இடம் ஒன்றுண்டு. குறைபாடுடைய சிறுவர்களுக்குக் கட்டாயக் கல்வியிலிருந்து விலக்கு அளிப்பதாகச் சட்டம் கூறியது; நடைமுறையில் அச்சிறுவர்களே பள்ளியிலிருந்து விலக்கப்பட்டனர். இதனை நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்திய முன்னோடி முயற்சியாக, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பெற்றோர் 1971ஆம் ஆண்டு தொடுத்த வழக்கைக் கொள்ளலாம்.

அம்மாநிலத்தின் 1949ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத் தொகுப்பு வெளிப்பார்வைக்குக் கருணையுடையதாகவே தோன்றும். ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சியை எட்டாத சிறுவரைப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்றது ஒரு பிரிவு. நீந்தத் தெரிந்தவனே குளத்தில் இறங்கலாம் என்பது போன்ற விதி இது. கல்வியோ பயிற்சியோ பெற இயலாதவர் எனப் பள்ளி உளவியலாளர் சான்றளித்தால், அச்சிறுவரைக் கல்வித் துறை கைகழுவிச் சமூகநலத் துறையிடம் ஒப்படைக்கலாம் என்றது மற்றொன்று. இன்னொரு பிரிவு, பள்ளியால் பயன்பெற இயலாதோருக்குக் கட்டாய வருகையிலிருந்து விலக்கு வழங்கியது. பிள்ளையை அனுப்பாத பெற்றோரைத் தண்டனையிலிருந்து காக்க எழுதப்பட்ட இவ்விதி, அனுப்ப விரும்பிய பெற்றோரைத் திருப்பி அனுப்பப் பயன்பட்டது என்பதே இங்கு ஊன்றி நோக்கத்தக்கது.

மனவளர்ச்சி குன்றிய சிறுவர்களுக்கான பென்சில்வேனியாச் சங்கம் 1949இல் பெற்றோரால் தோற்றுவிக்கப்பட்டது. (சங்கத்தின் அக்காலப் பெயர் இன்றைய வழக்குக்கு ஒவ்வாதெனினும், வரலாறு கருதி இங்கு அப்படியே தரப்படுகிறது.) பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளுள் பலர் இறுதியில் சென்று சேர்ந்த இடம் பென்ஹர்ஸ்ட் போன்ற அரசு விடுதிகளாகும். அவ்விடுதியின் அவலத்தை 1968இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் அம்பலப்படுத்தியது. சங்கத்தினர் முதலில் அவ்விடுதியின்மீது வழக்குத் தொடுக்கவே எண்ணினர். அவர்கள் அமர்த்திய வழக்கறிஞர் தாமஸ் கில்ஹூல்; அவருடைய உடன்பிறந்தவரும் பென்ஹர்ஸ்டில் வாழ்ந்தவரே. வழிகள் பலவற்றை ஆராய்ந்தபின், விடுதிக்கு முன்னதாகப் பள்ளியைக் குறிவைப்பதென்று முடிவாயிற்று. விடுதி நிரம்புவதற்குப் பள்ளிக் கதவு அடைபடுவதும் ஒரு காரணம் என்பதை நோக்க, இது கூர்மையான தேர்வு எனலாம்.

வழக்கு 1971 ஜனவரியில் பதிவாயிற்று. இன ஒதுக்கலைப் பள்ளிகளில் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பே அதன் அடித்தளம். ஆகஸ்டில் வல்லுநர்கள் சாட்சியளித்தனர். தக்க கல்வி கிடைத்தால், இத்தகைய சிறுவர் முப்பது பேரில் 25 பேர் மற்றவரைப்போல் உழைத்து வாழவும், 4 பேர் பாதுகாப்பான சூழலில் பணியாற்றவும் இயலும் என்பது அவர்தம் கருத்து. எஞ்சிய ஒருவரும் தம்மைத் தாமே ஓரளவு பேணக் கற்பார் என்றனர். இந்த ஒருவரே வழக்கின் மையம் என்பது என் கருத்து. கரண்டி பிடிக்கவும் சட்டைப் பொத்தானைப் பூட்டவும் கற்பது கல்வியாகும் என ஏற்றுக்கொண்டால், ‘கல்வி பெற இயலாதவர்’ என்னும் வகைப்பாட்டில் நிறுத்துவதற்கு ஆளே இராது. ஒரே நாள் சாட்சியத்திற்குப் பின் அரசுத் தரப்பு தன் எதிர்ப்பைக் கைவிட்டது.

1971 அக்டோபரில் உடன்பாடு கையெழுத்தானது. சில வட்டாரக் கல்வி அமைப்புகள் எழுப்பிய ஆட்சேபங்கள் தீர்ந்து, 1972 மே 5ஆம் நாள் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஆறு முதல் இருபத்தொரு வயது வரையிலான ஒருவரையும் ஒதுக்கலாகாது. பொது வகுப்பே சிறப்பு வகுப்பினும் முதன்மையாகக் கருதப்பட வேண்டும். வெளியே நிற்கும் சிறுவர்களை அரசே தேடிக் கண்டறிய வேண்டும். இவற்றினும் பெற்றோருக்கு வலிமை தந்தது விசாரணை உரிமை எனலாம். அதுவரை ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பத் தலைமையாசிரியரின் ஒரு சொல் போதுமானதாக இருந்தது. இனி எழுத்துவழி அறிவிப்பு வேண்டும், பெற்றோர் பள்ளிப் பதிவேடுகளைப் பார்க்கலாம், வழக்கறிஞருடன் வரலாம், சான்றளித்த உளவியலாளரையே குறுக்கு விசாரணை செய்யலாம். ஆணை நிறைவேறுவதைக் கண்காணிக்க நியமிக்கப்பட்ட இருவரில் ஒருவரான டென்னிஸ் ஹாகர்ட்டி, பெற்றோர் சங்கத்தைச் சேர்ந்தவர்.

அதே ஆண்டு வாஷிங்டன் நகர வழக்கொன்றில், பணப் பற்றாக்குறையைக் காட்டி இச்சிறுவர்களை மட்டும் ஒதுக்கலாகாது என்னும் தீர்ப்பு வந்தது. ஆயின், கல்வி அரசமைப்பு காக்கும் அடிப்படை உரிமையன்று என உச்ச நீதிமன்றம் 1973இல் வேறொரு வழக்கில் கூறியதால், தீர்ப்புகளை மட்டும் நம்பியிருத்தல் இடர்மிக்கதாயிற்று. 1975 நவம்பரில் நடுவண் சட்டம் இயற்றப்பட்டது. பத்து இலட்சம் சிறுவர்கள் பொதுப்பள்ளிக்கு முற்றிலும் புறம்பாக உள்ளனர் என்பதை அச்சட்டமே பதிவுசெய்தது.

நம் வட்டாரத்திலும் இச்சொற்கள் வெவ்வேறு வடிவில் தோன்றியுள்ளன. மலேசியாவின் 1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகள், ‘கல்வி பெறத்தக்கவர்’ யார் என வரையறுத்து, பிறர் துணையின்றித் தம்மைப் பேணிக்கொள்ளும் ஆற்றலை அதற்குரிய தகுதியாக்கின. பென்சில்வேனியாவில் கல்வியின் விளைவாகக் காட்டப்பட்ட ஒன்று, இங்குக் கல்விக்கு முன்நிபந்தனையாயிற்று. 2013இல் இவ்விதிமுறைகள் மாற்றப்பட்டன. சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் 2000இல் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்தபோது, சிறப்புத் தேவையுடைய சிறுவர்கள் அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். இங்கு மாற்றம் வழக்கினால் வந்ததன்று. 2016இல் அரசு அறிவித்தபடி, 2019இல் தொடக்கநிலை ஒன்றில் சேரும் மாணவர் முதலாக அச்சிறுவர்களும் சட்டத்திற்குள் கொண்டுவரப்பட்டனர்.

மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில் இச்சட்டப் பகுதியைத் தமிழாக்கத் தந்தபோது, ஆசிரியப் பயிற்சி மாணவி ஒருவர் ‘விலக்கு அளிக்கப்பட்டனர்’ என எழுதிப் பின் அதனை அடித்து ‘விலக்கப்பட்டனர்’ என்று திருத்தியிருந்தார். இரண்டில் எது சரி என்று கேட்டார். 2003ஐக் குறிக்கும் இடத்தில் திருத்தியதே பொருந்தும் என்றேன். 2019க்குப் பிறகு, மிகக் கடுமையான குறைபாடுடைய பிள்ளைக்காகப் பெற்றோரே விண்ணப்பித்து, தனித்தனியே பரிசீலிக்கப்பட்டுப் பெறும் விலக்குக்கு அவர் முதலில் எழுதிய தொடரே தகும்.