பேஷன் பண்றவளும் தைக்கிறவளும்

நான் வளர்ந்த குரோம்பேட்டை, தாம்பரம் வீடுகளில் 'பேஷன்' என்ற சொல் தனியாக வந்ததில்லை. கூடவே ஒரு 'பண்றா' ஒட்டிக்கொண்டு வரும். 'பேஷன் பண்ணிக்கிட்டுத் திரியறா' என்றால் உடையைப் பற்றிய தகவல் அல்ல. எங்கே போகிறாள், யார் பார்க்கப் போகிறாள் என்ற விசாரணை. ஆண்களுக்கு வேறு சொல் இருந்தது: ஸ்டைல். ரஜினிகாந்த்தை ஸ்டைல் மன்னன் என்று கொண்டாடிய அதே தெருவில், பின்னலை அவிழ்த்துக் குதிரைவால் போட்ட பெண் 'பேஷன்காரி' ஆனாள்.

இதற்கு முன்பே தமிழில் 'மோஸ்தர்' இருந்தது. போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல். மாதிரி என்று பொருள். புது மோஸ்தர் புடவை, புது மோஸ்தர் வளையல். மோஸ்தர் பொருளோடு நின்றது. 'மோஸ்தர் பண்றா' என்று யாரும் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. பேஷன்தான் புடவையிலிருந்து இறங்கி, கட்டியவளின் ஒழுக்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

தாம்பரத்திலிருந்து அதே ரயில் தடத்தில் தெற்கே போனால் செங்கல்பட்டு. 1929 பிப்ரவரியில் அங்கே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. பெண்கள் முடியை வெட்டிக்கொள்ளலாம், ஆண்களைப் போல உடுத்தலாம் என்று பெரியார் சொல்லிவந்தார். நகை ஆசையை விடச் சொன்னார். அவருக்கு உடை வசதியின், வேலையின் கணக்கு. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். அழகாக இருக்க ஆசைப்படுவதையும் அடிமைத்தனத்தின் பட்டியலில் சேர்த்தால், தெருவின் ஏச்சுக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடுகிறது.

சுடிதாரின் கதையைப் பாருங்கள். சல்வார் கமீஸ் வகை எல்லாவற்றுக்கும் நாம் வைத்த பொதுப்பெயர் அது. எங்கள் பக்கத்தில் அது முதலில் வந்தபோது சுத்தமான 'பேஷன்'. தாவணி போட வேண்டிய பெண் இதைப் போடுவதா என்று அத்தைமார்கள் அங்கலாய்த்தார்கள். 2019இல் தமிழ்நாடு அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி வகுத்தபோது, பெண்களுக்குப் புடவையோடு துப்பட்டா போட்ட சுடிதாரையும் கண்ணியமான உடையாக எழுதியது. துணி மாறவில்லை. அத்தைமார்களும் இப்போது அதைத்தான் போடுகிறார்கள். ஏச்சு மட்டும் ஜீன்ஸுக்கும், பிறகு லெக்கிங்ஸுக்கும் இடம் மாறிப் போனது.

ஆங்கில 'ஃபேஷன்' பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் லத்தீன் வேர் 'செய்தல்'. செய்கிறவள் யார்? 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் ஏற்றுமதி மண்டலம் தொடங்கியது. நாங்கள் 'மெப்ஸ்' என்போம். அங்கே ஆடைக் கம்பெனிகளில் தைப்பது, நூல் வெட்டுவது, செக்கிங், பேக்கிங் என்று பெண்கள் வேலைக்குப் போனார்கள். ஒரு பெண் முழுச் சட்டை தைப்பதில்லை. ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி பட்டன். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். ஐரோப்பாவில் சீசன் மாறினால் இங்கே ஓவர்டைம் மாறும். தரமணியில் 1995இல் தொடங்கிய தேசிய ஃபேஷன் கல்லூரியில் அதே சொல்லுக்குப் பட்டம் கொடுக்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே சில ஸ்டேஷன் தூரம்தான்.

சாயங்காலம் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் பூ வைத்து, பவுடர் பூசி, பளபளக்கும் ஸ்டிக்கர் பொட்டோடு ஏறும் மெப்ஸ் பெண்களைப் பார்த்து, 'சம்பளம் எல்லாம் பேஷனுக்கே போகுது' என்று முணுமுணுப்பவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தச் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. ஆடைத் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி 2004க்குப் பிறகு பத்தாண்டு திருத்தப்படவில்லை. 2014இல் அரசு உயர்த்தியதும் முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. சென்னையில் இந்தப் பெண்களைத் திரட்டிய சங்கத்தின் பெயர் 'கார்மெண்ட் அண்ட் ஃபேஷன் வொர்க்கர்ஸ் யூனியன்'. ஃபேஷனும் தொழிலாளியும் ஒரே பெயர்ப்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை நான் முதலில் பார்த்தது அங்கேதான். தீர்ப்புக்குப் பிறகும் நிலுவைக்காக அவர்கள் மறுபடி மனு எழுத வேண்டியிருந்தது.