ஆற்றங்கரை ஆலயங்களும் ஆற்றோர நிலச் சட்டங்களும்

திருவிழாக் காலத்தில் கரகம் பாலிக்கும் இடம் எது என்று நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்து முதியோரைக் கேட்டால், "ஆற்றங்கரை" என்னும் விடையே பெரும்பாலும் வரும். அது பேராறாக இருக்க வேண்டியதில்லை. ரப்பர் மரங்களுக்கிடையே ஓடிய சிற்றோடையும் அவர்களுக்கு ஆறே. அக்கரையில்தான் மாரியம்மனுக்குக் குடில் எழுந்தது. மரத்தடியில் முனீஸ்வரர் காவல் நின்றார். அந்நிலம் யாருக்கு உரியது என்னும் வினா அன்று எழவில்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் இந்நாளில், அவ்வினாவே பல ஆலயங்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. எனவே ஆற்றோர நிலம் பற்றிய விதிகள் எவ்வாறு உருவாயின என்பதை ஆலய நிருவாகத்தினர் அறிந்திருத்தல் நன்று.

புறம்போக்கு என்னும் பழஞ்சொல்

இன்று வசைச்சொல்லாகத் திரிந்துவிட்ட "புறம்போக்கு" ஒரு காலத்தில் மதிப்பு மிக்க சொல்லாக விளங்கியது. வரி விதிப்புக்குப் புறம்பாக, பொதுப் பயனுக்கென விடப்பட்ட நிலமே புறம்போக்கு. ஆற்றுப் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என அது பலவகைப்படும். மழை பெருகும்போது நீர் பரவி நிற்கவும், வற்றும்போது கால்நடை மேயவும் அந்நிலம் இடமளித்தது. 1905ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட நில ஆக்கிரமிப்புச் சட்டம், பிறர்க்கு உரிமையென மெய்ப்பிக்கப்பட்டவை நீங்கலாக, ஆற்றுப் படுகைகளும் நீர்நிலைகளும் அரசின் சொத்து என வரையறுத்தது. தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர்க்கு, ஆற்றுக்கென நிலம் ஒதுக்கும் வழக்கம் புதியதன்று.

லிங்கி ஆறு கண்ட மாற்றம்

சிரம்பான், ரந்தாவ் வட்டாரங்களின் வழியே ஓடிக் கடலில் கலக்கும் லிங்கி ஆறு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயம் ஏற்றிச் சென்ற படகுகளின் பெருவழியாக இருந்தது. ஆற்றில் சுங்கம் தண்டும் உரிமைக்காகத் தலைவர்களிடையே பூசல்கள் மூண்டன. 1874இல் சுங்கை ஊஜோங்கில் ஆங்கிலேயர் தலையிட்டதற்கு அப்பூசல்களும் ஒரு காரணமாகும். 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரயில் பாதை திறக்கப்பட்டபின் படகுப் போக்குவரத்து மங்கியது. சுரங்கங்களிலிருந்து கழுவி விடப்பட்ட மணல் ஆற்றின் ஆழத்தைக் குறைத்தது.

பின்னர்த் தோட்டங்கள் பெருகின. காடழித்து, மலைச்சரிவுகளில் ரப்பர் நட்டு, ஒரு புல்லும் இல்லாதவாறு களையெடுக்கும் முறையே தொடக்கத்தில் கையாளப்பட்டது. அதனால் மேல்மண் மழையில் கரைந்து ஓடைகளில் இறங்கிற்று. பள்ளத்தாக்குகளில் நெல் விளைவித்த மலாய் மக்களின் வயல்களும் அத்தகைய வண்டலுக்கு இலக்காயின. பிற்காலத்திலேதான் மண்ணைக் காக்க மூடுபயிர்க் கொடிகளை வளர்க்கும் வழக்கம் பரவியது.

ஓடைக்கரையின் நிழல் நீங்கியதால் மற்றொரு கேடும் விளைந்தது. மலையோடையின் தெளிந்த நீரில் வெயில் பட்டால் பெருகும் ஒருவகைக் கொசுவே மலைத் தோட்டங்களில் மலேரியாவைப் பரப்பியது. இதனை மருத்துவர் மால்கம் வாட்சனின் ஆய்வுகள் தெளிவுபடுத்தின. ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்துதல், நீர்மேல் எண்ணெய் தெளித்தல், லயன் வீடுகளை ஓடையிலிருந்து விலக்கிக் கட்டுதல் ஆகியவை தடுப்பு முறைகளாயின. இவ்வாறு, ஓடைக்கும் குடியிருப்புக்கும் இடைவெளி வேண்டும் என்னும் பாடம் பல உயிர்களை விலையாகக் கொண்டே கற்கப்பட்டது.

ஐம்பது அடி விதி

1920ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் நெகிரி செம்பிலான் அடங்கிய ஐக்கிய மலாய் மாநிலங்களுக்கென இயற்றப்பட்டது. ஆறுகள் அனைத்தும் அந்தந்த மாநில ஆட்சியாளருக்கே உரியவை என அது கூறியது. எழுத்து வழி அனுமதியின்றி ஆற்றங்கரையிலிருந்து ஐம்பது அடிக்குள் கட்டடம் எழுப்பக்கூடாது. கரையோரம் சுவரும் கட்டக்கூடாது. வெள்ள நீரோடும் தடம் என அறிவிக்கப்பட்ட இடத்திற்கும் இவ்விலக்கு பொருந்தியது. 1926இன் இறுதியில் தீபகற்பத்தைப் பெருவெள்ளம் வருத்தியது. 1932இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா தோன்றியது.

விடுதலைக்குப்பின் வந்த 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம், பொதுப் பயனுக்கான நிலத்தை அரசிதழ் வழி ஒதுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு வழங்கியது. "ரிசாப் சுங்கை" என நாம் வழங்கும் ஆற்று ஒதுக்கு நிலத்திற்கு அதுவே அடிப்படை. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டம், எந்நிலத்தில் எது அமையலாம் என வகுக்கும் பொறுப்பை ஊராட்சி மன்றங்களுக்கு அளித்தது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியின்படி, 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டரும், 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு 50 மீட்டரும் ஒதுக்கப்பட வேண்டும். 2001 முதல், புதிய வீடமைப்புப் பகுதிகள் மழைநீரைத் தம் எல்லைக்குள் தேக்கி மெல்ல வெளியேற்ற வேண்டும் என்னும் விதியும் நடைமுறைக்கு வந்தது.

பட்டாவுக்குள் ஓடிய ஓடை

ஆலயங்களைத் தொடும் செய்தி இனிமேல்தான் வருகிறது. தோட்ட நிறுவனத்தின் பட்டாவுக்குள்ளேயே பல சிற்றோடைகள் ஓடின. தோட்டம் தோட்டமாக இருந்தவரை, ஓடைக்கரைக் கோயிலுக்குத் துரையின் வாய்ச்சொல் அனுமதியே போதுமானதாயிற்று. நிலம் விற்கப்பட்டு மனைகளாகப் பிரிக்கப்படும்போது, சாலைக்கும் வடிகாலுக்கும் ஓடைக்கும் உரிய பகுதிகள் அரசிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அந்நாளில் வரைபடத்தில் புதிதாக விழும் கோடு, எண்பது ஆண்டுக் கோயிலை ஒதுக்கு நிலத்தினுள் தள்ளிவிடக்கூடும். அதன்பின் நிலப்பட்டா பெறுதல் மிக அரிது. தாமறியாமலே சட்டத்துக்குப் புறம்பானவராக ஆக்கப்பட்டோமே என்னும் பக்தர்களின் மனக்குறை நியாயமானதே.

எனினும் அக்கோட்டைப் பகையென எண்ணுதல் பிழையாகும். 2021 டிசம்பரில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் முதலிய மாநிலங்களில் பெய்த பெருமழை, ஆறு தன் பழைய இடத்தை மறப்பதில்லை என்பதைக் காட்டிற்று. கரையை நெருக்கிச் சுவரெழுப்பி மண்டபம் விரித்தால், அங்குத் தடைபடும் நீர் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் புகும். அவ்வீடுகளில் வாழ்வோரும் நம்மவரே.

ஆதலின் ஆலய நிருவாகத்தினர் செய்யத்தக்கவை சில உண்டு. நில அலுவலகத்தில் அளவை வரைபடம் பெற்று, கோயில் எக்கோட்டினுள் நிற்கிறது என உறுதிசெய்தல் வேண்டும். ஊராட்சி மன்றம் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது, கெடு முடியுமுன் எழுத்து வழி ஆட்சேபம் அளித்தல் வேண்டும். நிலம் பிரிக்கப்படுமுன்னரே, மேட்டு நிலத்தில் பட்டாவோடு கூடிய மாற்று மனையைக் கோருதல் வேண்டும். பிரித்தபின் கேட்பது இரக்கத்தை நாடுவதாகும். பிரிக்குமுன் கேட்பது உரிமையைப் பேசுவதாகும்.

ஆலயம் மேட்டுக்குச் சென்றாலும் ஆறு நம்மைவிட்டு அகலாது. ஒதுக்கு நிலம் பொதுநிலமாக நிலைக்கும்வரை, ஆண்டுதோறும் கரகம் பாலிக்க அக்கரை காத்திருக்கும். நம் முன்னோர் புறம்போக்கு என்று கூறி விட்டுவைத்த இடமும் அத்தகையதே.