கடனை அடைத்த தக்காளி

தக்காளிக்கு யாராவது பெயர் வைப்பார்களா? நம் ஊர்ச் சந்தையில் "நாட்டுத் தக்காளியா, பெங்களூர்த் தக்காளியா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அமெரிக்காவில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள், ஜெர்மன் பிங்க், மார்ட்கேஜ் லிஃப்டர் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கடைசிப் பெயருக்கு அர்த்தம் 'அடமானக் கடனைத் தீர்த்தது'!

இந்த ரகங்களைப் பொதுவாக 'ஏர்லூம்' தக்காளி என்கிறார்கள். பாட்டி பேத்திக்குக் கொடுத்துவிட்டுப் போகும் அட்டிகை மாதிரி, ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் பொருளுக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். இங்கே கைமாறுவது விதை. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே கொண்டு சூல் கொள்ளும். அதனால் ஒரு நல்ல பழத்தின் விதையை எடுத்து வைத்தால் அடுத்த வருடமும் அதே பழம்தான் காய்க்கும். படிப்பு, ஆய்வகம் எதுவும் வேண்டாம். ஹைப்ரிட் தக்காளியில் இது நடக்காது. அதன் விதையைப் போட்டால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாக வரும். ஆகவே வருடா வருடம் விதைக் கம்பெனியிடம்தான் போக வேண்டும்.

தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி. பயிராகப் பெரிதாக வளர்ந்தது மெக்சிகோவில். 1544-இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி அதைப் பற்றி எழுதியபோது ஐரோப்பாவுக்கு அது ஒரு புது விருந்தாளி. அங்கிருந்து குடியேறியவர்களின் பெட்டிகளில் திரும்ப அட்லாண்டிக்கைத் தாண்டியது. இந்தப் பழைய கதை பல இடங்களில் கிடைக்கும். நாம் கடன்காரர் கதைக்கு வருவோம்.

1930-களில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் ஆட்டிப் படைத்தது. மேற்கு வர்ஜீனியாவில் லோகன் என்ற ஊரில் எம்.சி. பைல்ஸ் என்பவர் லாரி ரேடியேட்டர் பழுது பார்த்து வந்தார். செங்குத்தான மேட்டின் அடிவாரத்தில் பட்டறை. மேடு ஏறும் லாரிகள் சூடேறி நிற்கும், இவருக்கு வேலை வரும்! 'ரேடியேட்டர் சார்லி' என்றுதான் ஊரில் பெயர். வீட்டின் மேல் 6,000 டாலர் கடன் இருந்தது.

தாவரவியல் படிக்காத அந்த மெக்கானிக் தோட்டத்தில் ஒரு காரியம் செய்தார். 'ஜெர்மன் ஜான்சன்' என்ற ரகத்தின் செடியை நடுவில் வைத்தார். சுற்றி வட்டமாக வேறு பெரிய பழ ரகங்களை நட்டார். குழந்தைகளின் காது சுத்தம் செய்யும் ரப்பர் குமிழை எடுத்து, சுற்றியிருந்த பூக்களின் மகரந்தத்தை நடுச் செடியின் பூக்களில் சேர்த்தார். வந்த நாற்றுகளில் சிறந்ததைத் தேர்ந்து மறுபடி மறுபடி இதையே பல வருடங்கள் செய்தார். கடைசியில் பெரிய, சதைப்பற்றுள்ள, விதை குறைந்த இளஞ்சிவப்புப் பழம் நிலைத்தது. 1940-களில் நாற்று ஒன்று ஒரு டாலர் என்று விற்றார். அந்தக் காலத்தில் அது சின்னக் காசல்ல. ஆனாலும் தூர ஊர்களிலிருந்து ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போனார்கள். ஆறு வருடத்தில் கடன் தீர்ந்தது.

பைல்ஸ் கடனை அடைத்த சில வருடங்களிலேயே காற்று வேறு பக்கம் வீசத் தொடங்கியது. 1949-இல் பர்ப்பீ கம்பெனியின் 'பிக் பாய்' ஹைப்ரிட் வந்தது, வீட்டுத் தோட்டக்காரர்களும் அதன் பின்னால் போனார்கள். கலிஃபோர்னியாவில் மாற்றம் இன்னும் கடுமை. மெக்சிகோ தொழிலாளர்களைக் கொண்டுவந்த அரசுத் திட்டம் 1964-இல் முடிந்தது. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே உருவாகியிருந்த அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியது. அது செடியை அடியோடு வெட்டி உலுக்கிக் காய்களை உதிர்க்கும். அப்படியானால் எல்லாப் பழமும் ஒரே சமயத்தில் பழுக்க வேண்டும், அடிபட்டாலும் நசுங்கக் கூடாது. அதற்கென்றே தடித்த தோல் ரகங்களை உருவாக்கினார்கள். இயந்திரத்துக்காகப் பழத்தையே மாற்றினார்கள்! பதப்படுத்தும் தக்காளி பயிரிட்ட சுமார் 4,000 பேர் பத்தாண்டுக்குள் 600 பேராகச் சுருங்கினார்கள். சந்தைக்குப் போகும் தக்காளியும் தப்பவில்லை. பச்சையாகப் பறித்து, எத்திலீன் வாயுவால் சிவக்க வைத்து லாரியேற்றினார்கள்.

ருசி எங்கே போனது என்பதற்கு ஒரு விடை 2012-இல்தான் கிடைத்தது. பழைய ரகங்களில் காயின் தோள்பட்டைப் பகுதி கரும்பச்சையாக இருக்கும். பழம் சீராகச் சிவக்கட்டும் என்று அந்தப் பச்சை இல்லாத செடிகளையே சுமார் 70 வருடமாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். அப்படித் தேர்ந்ததில், காயிலேயே ஒளிச்சேர்க்கையைக் கூட்டிச் சர்க்கரை சேர உதவும் மரபணு பழுதாகிவிட்டது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அழகுக்காக இனிப்பை விற்ற கதை.

இதற்கிடையே பழைய விதைகள் யாரிடம் இருந்தன? தாத்தா பாட்டிகளின் டப்பாக்களில். டயான் ஆட் வீலியின் தாத்தா, தம் முன்னோர் பவேரியாவிலிருந்து கொண்டுவந்த ஜெர்மன் பிங்க் தக்காளி விதையைப் பேத்தியிடம் ஒப்படைத்தார். 1975-இல் டயானும் கணவர் கென்ட்டும், இப்படி விதை வைத்திருப்பவர்கள் தபாலில் பரிமாறிக்கொள்ள ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' ஆனது.

அந்த வட்டத்தில் இருந்த வேதியியலாளர் கிரெய்க் லெஹூலியருக்கு 1990-இல் டென்னஸி மாநிலத்தின் செவியர்வில் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கூடவே கொஞ்சம் விதை. நூறு வருடத்துக்கு முன் செரோக்கி பழங்குடியினர் அண்டை வீட்டாருக்குக் கொடுத்த ஊதா நிறத் தக்காளி என்று அதில் எழுதியிருந்தது. ஆவணம் என்றால் அந்தக் கடிதம் மட்டுமே. 1838-இல் செரோக்கிகளில் பெரும்பாலோரை அந்த நிலத்திலிருந்து விரட்டிவிட்டார்கள். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம், வட கரோலினாவில், ஒரு பிரிவினர் தங்கிவிட்டார்கள். எனவே கதையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

நட்டுப் பார்த்தால் பழம் அடிபட்ட காயம் போலக் கன்றிச் சிவந்த நிறம். பழுத்த பிறகும் பச்சையம் அழியாமல் சிவப்போடு கலப்பதால் வரும் நிறம் அது. விற்பனைக்குப் போட்டால் யார் வாங்குவார்கள் என்ற தயக்கம் இருந்தது. லெஹூலியர் 'செரோக்கி பர்ப்பிள்' என்று பெயர் சூட்டி ஒரு சிறு விதை நிறுவனத்திடம் கொடுத்தார். கன்றிய அந்தப் பழம் இன்று உலகம் முழுதும் தோட்டங்களில் காய்க்கிறது. தடித்த வில்லையாக வெட்டி, உப்புத் தூவி, ரொட்டிக்கு நடுவே வைத்து அப்படியே சாப்பிடுவார்கள்.

விதை எடுக்கும் முறை கஷ்டமே இல்லை. நன்கு பழுத்த பழத்தின் விதையைக் குழகுழப்போடு ஒரு டம்ளரில் பிழிந்து, இரண்டு மூன்று நாள் புளிக்க விட வேண்டும். முளைப்பதைத் தடுக்கும் அந்தக் குழகுழப்பு கழன்றுவிடும். கழுவி, தட்டில் பரப்பி, நிழலில் உலர்த்தினால் போதும். பல வருடம் முளைக்கும். நம்மூரிலும் இதற்கு ஏற்ற ரகங்கள் உண்டு. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 கூட 'அன்னஞ்சி' என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து வந்ததுதான், ஹைப்ரிட் அல்ல. புளிக்கும்போது டம்ளரிலிருந்து ஒரு வாடை வரும், சமையலறையில் வைத்தால் அம்மாவிடம் திட்டு நிச்சயம்!